கழற்றி எடுத்த வைஃபை குச்சி

இந்தக் காலத்தில் ரிப்பேர் பார்க்கிறவன் எவனும் பழுதைக் கையில் எடுத்துக் காட்டுவதில்லை. முன்பெல்லாம் குழாய்க்காரன் வந்தால் தேய்ந்துபோன வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்து, "பாருங்க, இதுதான்" என்பான். மின்விசிறிக்காரன் கருகின கம்பியை மூக்குக்கு நேரே நீட்டுவான். பார்த்தோம், முகர்ந்தோம், சரிதான் என்று தலையாட்டினோம். இப்போது வருகிறவன் திரையை முறைக்கிறான். மவுஸை நாலு தட்டுத் தட்டுகிறான். "சாஃப்ட்வேர்ங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறான். என்ன போச்சு? காட்ட முடியாது. எங்கே போச்சு? அதுவும் தெரியாது. மீறிக் கேட்டால், கைக்குழந்தைக்குச் சோறூட்டுகிறவர்கள் சிரிப்பார்களே, அப்படி ஒரு சிரிப்பு.

பெரியவருக்கு இந்தக் குறை நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரன் வீட்டுக்கு வந்துபோன அன்றுதான். அவனைத் தெருவில் எல்லோரும் 'கண்ணாடி' என்பார்கள். மூக்குக்கண்ணாடி அவ்வளவு தடிமன். மருமகளின் கம்ப்யூட்டரில் காற்றாடி கரகரவென்று இரைகிறது என்று அவள்தான் கூப்பிட்டிருந்தாள். வந்தான். மேசைக்கடியில் இருந்த பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினான். பிரஷ்ஷால் தட்டினான். மூடினான். பெரியவர் பக்கத்திலேயே நின்றும் ஒன்றும் தெரியவில்லை. அவன் முதுகு மறைத்துக்கொண்டது.

"உள்ள என்ன தம்பி இருந்துச்சு?"

"தூசிதாங்க ஐயா."

"தூசி மட்டும்தானா?"

"பின்ன என்ன, புதையலா இருக்கும்?"

மருமகள் சிரித்துவிட்டாள். பெரியவர் சிரிக்கவில்லை. கேள்விக்குக் கேலியைப் பதிலாகக் கொடுக்கிறவனிடம் ஏதோ மறைவாக இருக்கிறது என்பது அவர் கட்சி.

அவர் வேலை பார்த்ததெல்லாம் கிடங்குக் காவல். படிப்பு என்று பார்த்தால், கையெழுத்துப் போடுவார், லாரி நம்பரை எழுத்துக்கூட்டுவார், அத்தோடு சரி. மற்றதையெல்லாம் கிடங்கு வாசலில்தான் கற்றுக்கொண்டார். கற்றதும் ஒன்றே ஒன்றுதான்: எவனையும் நம்பாதே, எதையும் ஒற்றையாக வைக்காதே. கதவுக்கு இரண்டு பூட்டு. கைக்கு இரண்டு டார்ச். சட்டைப் பையில் பொத்தானும் இருக்கும், அதற்கு மேல் ஊக்கும் குத்தியிருக்கும். தெருவில் அவருக்கு 'டபுள் பூட்டு' என்று பெயர். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். பாதிச் சாவிகளுக்குப் பூட்டே இல்லை. இருந்தாலும் தூக்கிப் போட மாட்டார். அவர் நடந்தால் சத்தத்தை வைத்தே ஆள் யார் என்று சொல்லிவிடலாம்.

மகனுக்கு எங்கோ தூரத்தில் கட்டடம் கட்டுகிற வேலை. எப்போதாவதுதான் வருவான். வீட்டில் பெரியவரும் மருமகளும் மட்டும். அவளுக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருந்தது. குளிர்பெட்டி செய்கிற கம்பெனி ஒன்றுக்கு வாடிக்கையாளர் குறை கேட்கிற வேலை. ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், யார் யார் வீட்டுக் குளிர்பெட்டி குளிரவில்லையோ, யார் வீட்டில் ஒழுகுகிறதோ, அத்தனை பேரும் இவளைத்தான் திட்டுவார்கள். இவள் பதிலுக்கு, "உங்க கஷ்டம் புரியுதுங்க" என்பாள். வேலை இன்னும் நிலைக்கவில்லை. பார்க்கிறோம், சரியாக இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று வைத்திருந்தார்கள். அவளுக்கு மேலே ஒரு மேற்பார்வை மேடம்.

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிட்டது. தெருவிலேயே அன்று எவருக்கும் இன்டர்நெட் இல்லை. ஆனால் மேடத்துக்குத் தெருவா தெரியும்? "அடிக்கடி இப்படி ஆனா உங்க இடத்துல வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டாள். மருமகள் சமையலறையில் நின்று, வெங்காயம் எதுவும் இல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பெரியவர் பார்த்தார். பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்க வந்தவர் குடிக்காமலே திரும்பிப் போனார்.

அன்று மாலையே சந்தைப் பக்கம் போனார். பழைய எலக்ட்ரிக் சாமான் விற்கிற தள்ளுவண்டிக்காரனிடம் விசாரித்தார். அவன் கட்டைவிரல் நீளத்தில் ஒரு குச்சியை எடுத்தான். வண்டியில் இருந்த பேட்டரியில் குத்திக் காட்டினான். குச்சியின் முனையில் பச்சை விளக்கு மின்னியது.

"இது என்ன பண்ணும்?"

"வைஃபை குச்சி பெரியவரே. காத்துல வர்ற இன்டர்நெட்டைப் புடிச்சுக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும்."

"அது ஏற்கெனவே எப்படியோ வருதே?"

"உள்ள ஒண்ணு இருக்கும். அது போனா? இது இருக்கும்ல. ஒண்ணு விட்டாலும் ஒண்ணு புடிச்சுக்கும்."

இந்த ஒரு வார்த்தையில் பெரியவர் விழுந்துவிட்டார். உலகத்தில் எவனையும் நம்பாதவர், தள்ளுவண்டிக்காரனை நம்பினார். ஏனென்றால் அவன் கையில் எடுத்துக் காட்டினான். விளக்கு எரிந்தது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"மாட்டுறது எப்படி?"

"பின்னால ஓட்டை இருக்கும், குத்துங்க. திரையில ஏதாச்சும் கேக்கும். எதைக் கேட்டாலும் ஆமான்னு சொல்லிடுங்க."

மறுநாள் மருமகள் கடைக்குப் போன நேரம் பார்த்து மேசைக்கடியில் நுழைந்தார். பெட்டி சுவரைப் பார்த்து இருந்தது. தடவித் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்துக் குத்தினார். திரையில் ஒரு கட்டம் வந்தது. அதில் எழுதியிருந்ததில் ஓர் எழுத்தும் அவருக்குப் புரியவில்லை. நீலமாக இருந்த பொத்தானைத் தட்டினார். இன்னொரு கட்டம் வந்தது. அதிலும் நீலத்தைத் தட்டினார். கேட்டுக்கொண்டே போனது, இவரும் ஆமாம் போட்டுக்கொண்டே போனார். கடைசியில் கட்டம் மறைந்தது. எட்டிப் பார்த்தார். சுவர் ஓரத்தில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு இரண்டாவது பூட்டு போட்டுவிட்ட நிம்மதி. மருமகளிடம் சொல்லவில்லை. 'இந்த டப்பாவை நம்பி ஒரு வேலையா' என்று அவளைக் கிண்டல் செய்தவரே அந்த டப்பாவுக்குச் சாமான் வாங்கி மாட்டினார் என்று தெரிந்தால், சிரிப்பாள்.

அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் விழ ஆரம்பித்தது.

இணைப்பு அறுவது வேறு, இது வேறு. மருமகள் யாருக்கோ, "உங்க கஷ்டம் புரியுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்க நீலமாகிவிடும். அதில் படுத்துக் கிடக்கிற மாதிரி ஒரு சோக முகம். பெட்டி தானாக அணைந்து தானாக எழும். எழுந்து வருவதற்குள் அந்தப் பக்கம் இருக்கிறவர் திட்டி முடித்துவிட்டு வைத்திருப்பார். சும்மா எழுதிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. பேச ஆரம்பித்தால்தான் விழும்.

பெரியவருக்கு ஒரு சந்தேகம். குச்சியினால் இருக்குமோ? யாரும் இல்லாத நேரம் பார்த்து மறுபடி மேசைக்கடியில் நுழைந்தார். பிடுங்கினார். குச்சியின் முனையில் கயிறு கோக்க ஒரு துவாரம் இருந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். பூட்டில்லாத சாவிகளோடு அதுவும் ஒன்றாகத் தொங்கியது.

அன்றைக்கும் விழுந்தது. அதற்கடுத்த நாளும் விழுந்தது.

பெரியவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கழற்றியாயிற்று, இன்னும் விழுகிறது, அப்படியென்றால் குச்சி காரணமில்லை. குச்சி இல்லையென்றால்? பெட்டியைத் திறந்தவன் ஒருவன்தானே! முதுகால் மறைத்துக்கொண்டு என்ன செய்தான்? நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழைய சாமானை மாட்டியிருக்கிறான். புதையலா என்று அவன் வாயாலேயே சொன்னான் பார்!

கிளம்பினார். கண்ணாடியின் கடை தையல்கடையை ஒட்டி ஒடுக்கமாக இருக்கும். அன்று கடையில் மருந்துக்கடை நடத்துகிற அம்மா ஒருவர் லேப்டாப் பையோடு நின்றிருந்தார். தையற்காரர் டீயோடு வந்து கல்லாவில் சாய்ந்திருந்தார். பெரியவர் வாசலிலிருந்தே ஆரம்பித்தார்.

"என் வீட்டுச் சாமானை எடுத்து வை."

"என்ன சாமான் ஐயா?"

"தூசி தட்டுறேன்னு வந்து உள்ளேயிருந்து கழட்டுனியே, அது. நல்லதை எடுத்துட்டு ஓட்டை உடைசலை மாட்டிட்டுப் போயிருக்க. இப்ப அந்தப் பொட்டி நிமிஷத்துக்கு ஒரு தரம் மயக்கம் போட்டு விழுது."

"ஐயா, நான் எதையும் எடுக்கல. வந்து பாக்கறேன், என்னன்னு…"

"பாக்க வந்துதான் எடுத்த! கிடங்குல உன்ன மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன். வெறுங்கையோட வருவான், இடுப்பு பெருத்துப் போவான்."

தையற்காரர் சிரித்தார். "டபுள் பூட்டு, உங்க பூட்டுல ஒண்ணை இந்தக் கடைக்கும் போட்டுட்டுப் போங்க."

கண்ணாடிக்கு முகம் சிவந்தது. அதற்குள் மருந்துக்கடை அம்மா லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல தம்பி, அப்புறமா வரேன்" என்று படியிறங்கிவிட்டார். பெரியவருக்கு அதில் ஒரு திருப்தி. ஒரு ஆளையாவது காப்பாற்றினோம்.

மருமகளுக்கு விஷயம் தையற்காரர் வாயிலாகவே வந்து சேர்ந்தது. அவள் சத்தம் போடவில்லை. "ஏன் மாமா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கண்ணாடியின் கடைக்குப் போய்விட்டாள். மேடம் கடைசியாக ஒரு தவணை கொடுத்திருந்தாள்: நாளை பிற்பகல் அவளே கூட இருந்து கேட்பாள். அப்போதும் விழுந்தால் இந்த இடத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஊரில் கம்ப்யூட்டர் பார்க்க வேறு ஆளும் இல்லை. கண்ணாடியிடம் அவள் என்ன சொன்னாளோ, எப்படிக் கெஞ்சினாளோ, மறுநாள் காலையில் அவன் வாசலில் வந்து நின்றான். உள்ளே நுழையவில்லை.

"ஐயா கூடவே உக்காரணும். நான் என்ன பண்றேன், எதைத் தொடறேன்னு அவரு பாக்கணும். அப்பதான் கை வைப்பேன்."

"உக்காருறேன். எனக்கென்ன பயம்?" என்றார் பெரியவர்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் தோளுக்கு அருகே உட்கார்ந்தார். கண்ணாடி ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிச் சொல்லிச் செய்தான், குருடருக்கு வழி சொல்கிற மாதிரி.

"இப்ப மூடியைத் திறக்கறேன். பாத்துக்குங்க. இது இது இங்க இங்க இருக்கு. எல்லாம் கம்பெனி மாட்டுனது, மேல முத்திரை ஒட்டியிருக்கு, கிழியல. தொட்டுப் பாருங்க."

பெரியவர் தொட்டுப் பார்த்தார். முத்திரை கிழியாமல்தான் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முத்திரையை எடுத்து ஒட்டத் தெரியாதா என்ன?"

"தெரியும். ஒட்டுனா நுனி சுருங்கும். சுருங்கியிருக்கா?"

சுருங்கவில்லை.

கண்ணாடி மூடியைப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை வேறு மாதிரி எழுப்பினான். திரை கறுப்பாக, மூலைகளில் எழுத்தோடு வந்தது. "இது பத்திய சாப்பாடு மாதிரி. அவசியமானதை மட்டும் ஓட விடும். இப்ப எவ்வளவு வேலை கொடுத்தும் விழல பாருங்க. அப்ப, சாமான்ல பழுது இல்ல. சாதாரணமா எழும்பும்போது கூட எதுவோ ஏறி உக்காருது. அதான் தள்ளி விடுது."

"எது?"

"அதைத்தான் தேடறேன். விழும்போதெல்லாம் எதனால விழுந்தேன்னு அதுவே ஒரு குறிப்பு எழுதி வைக்கும்."

தேடினான். திரையில் எழுத்து ஓடியது. மருமகள் சுவரோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி ஓர் இடத்தில் நிறுத்தினான். புருவம் சுருங்கியது.

"அக்கா, இதுல உள்ளேயே வைஃபை கார்டு இருக்கு. நல்லாவே இருக்கு. அப்புறம் எதுக்கு வெளிய ஒரு வைஃபை குச்சி மாட்டுனீங்க?"

"குச்சியா? நான் எதுவும் மாட்டலையே."

"மாட்டியிருக்கு. அந்தக் குச்சியோட டிரைவர் இதுல ஏறியிருக்கு."

"டிரைவரா?" என்றார் பெரியவர். குரல் கொஞ்சம் கம்மியது.

"குச்சியை எப்படி நடத்தணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற எழுத்துங்க ஐயா. மாட்டும்போதே உள்ள வந்து உக்காந்துக்கும். உள்ள இருக்கிற கார்டுக்கும் ஒரு டிரைவர் இருக்கு. ரெண்டும் ஒரே வேலைக்கு அடிச்சுக்குது. பேச ஆரம்பிச்சா இன்டர்நெட் அதிகமா போய்வரும், அப்ப சண்டை முத்தும். முத்துனா மொத்தமா விழுந்துடும்."

"குச்சி இருந்தாத்தானே சண்டை? இப்பதான் எதுவும் மாட்டியில்லையே. நீயே பாத்தியே!"

சொன்ன பிறகுதான், தான் எவ்வளவு அவசரமாகச் சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கண்ணாடி திரும்பிப் பார்க்கவில்லை.

"குச்சியைப் பிடுங்குனாலும் அது போகாது ஐயா. அது வச்சுட்டுப் போன டிரைவர் உள்ளேயே நிக்கும். தினமும் கம்ப்யூட்டர் எழும்பும்போது அதுவும் எழும்பும். இதோ பாருங்க." திரையில் ஒரு வரிசையைக் காட்டினான். எல்லாப் பெயரும் அழுத்தமாக இருக்க, ஒன்று மட்டும் நரைத்துப்போய் மங்கலாக இருந்தது. "சாமான் இல்லாம பேரு மட்டும் இருக்கிறது இப்படித்தான் மங்கலா தெரியும். யாரோ மாட்டி, யாரோ கழட்டியிருக்காங்க."

பெரியவரின் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவிக்கொத்தை இறுகப் பொத்திக்கொண்டது. அவர் வாழ்நாளில் அந்தக் கொத்து சத்தம் போடக்கூடாது என்று நினைத்தது அன்றுதான். உள்ளங்கையில் மற்ற சாவிகளெல்லாம் சில்லென்று இருந்தன. குச்சி மட்டும் சுட்டது. சுட்டது குச்சியா, அவர் கையா, தெரியவில்லை.

"சத்தியமா நான் மாட்டல தம்பி" என்றாள் மருமகள்.

"வேற யாரு அக்கா? வீட்டுல நீங்கதானே தொடறீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, மாட்டிட்டு மறந்திருப்பீங்க."

அவள் யோசித்தாள். பெரியவரைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவார் என்று கனவிலும் நினைக்காதவள். அந்த நேரம் பார்த்து அவளுடைய செல்போன் அடித்தது. மேடம்.

"ஆமா மேடம்… பாத்துட்டு இருக்காங்க மேடம். பிற்பகலுக்குள்ள சரியாயிடும்… இல்ல மேடம், கம்பெனி சாஃப்ட்வேர்ல தப்பு இல்ல." அவள் குரல் இறங்கியது. "என் மேலதான் மேடம் தப்பு. எதையோ மாட்டி வச்சிருக்கேன், எனக்கே ஞாபகம் இல்ல. என் கவனக்குறைவுதான். மன்னிச்சுடுங்க மேடம்… இல்ல மேடம், பொய் சொல்லல… நம்புங்க மேடம்."

கிடங்கில் ஒருமுறை முதலாளி எல்லோர் முன்னாலும் அவர் மடியை அவிழ்க்கச் சொல்லிச் சோதித்ததுண்டு. மடியில் ஒன்றும் இல்லை. அன்று அவர் தலை குனியவில்லை, நிமிர்ந்தே நின்றார். இன்று யாரும் சோதிக்கவில்லை. ஒருத்தன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான், ஒருத்தி செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தலை தன்பாட்டுக்குக் குனிந்தது. காதுமடல் இரண்டும் கொதித்தன. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தார். எழுந்தால் கொத்து சத்தம் போடும்.

மருமகள் போனை வைத்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. துடைத்தால் தெரிந்துவிடும் என்று அப்படியே நின்றாள்.

பெரியவர் கொத்தை இடுப்பிலிருந்து எடுத்தார். வளையத்தைப் பிரிக்க நகம் போதவில்லை. ஒவ்வொரு சாவியாக நகர்த்திக் குச்சியை உருவினார். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. குச்சியை மேசைமேல், கண்ணாடியின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுவா பாரு."

கண்ணாடி எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பெயரைத் திரையோடு ஒத்துப் பார்த்தான். பிறகு மெதுவாக நாற்காலியோடு திரும்பினான்.

"இது எங்க கிடைச்சது ஐயா?"

"எங்கயும் கிடைக்கல. நான்தான் மாட்டுனேன். நான்தான் கழட்டுனேன்." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

பெட்டியின் காற்றாடி மட்டும், தூசியில்லாத சுத்தமான குரலில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் மாமா சொல்லல?" என்றாள் மருமகள்.

திட்டியிருந்தால் அவருக்கும் திட்டத் தெரியும். இதற்கு என்ன சொல்வது? "நீ அன்னிக்கு உள்ள நின்னு…" என்று ஆரம்பித்தார். முடிக்க வரவில்லை. "ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னு பாத்தேன். வேற என்ன."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதைப் பார்க்கவும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

கண்ணாடி மட்டும் விடவில்லை. அவனுக்கு விட வேண்டிய அவசியமும் இல்லை. "இடுப்புல இதைத் தொங்க விட்டுக்கிட்டேதான் என் கடைக்கு வந்தீங்களா ஐயா? இதை வச்சுக்கிட்டேதான் என்னைத் திருடன்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"அத்தனை பேருக்கு முன்னாடி."

"ஆமா."

கண்ணாடி திரும்பி வேலையைப் பார்த்தான். இப்போது உரக்கச் சொல்லிச் செய்யவில்லை. மங்கலாக இருந்த பெயரை நீக்கினான். அதன் வேரோடு இருந்த கோப்புகளைத் தேடி அழித்தான். உள்ளே இருந்த கார்டின் டிரைவரையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். சாதாரணமாக எழுப்பிவிட்டான். மருமகளை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தோழி ஒருத்தியோடு பேசச் சொன்னான். பேசினாள். விழவில்லை. இன்னும் பேசச் சொன்னான். விழவே இல்லை. பையை எடுத்துக்கொண்டு அவன் கிளம்பும்போது பெரியவர் வாசல்வரை வந்தார். ஏதோ சொல்ல வந்தது போல வாய் அசைந்தது. அவன் நிற்கவில்லை.

பிற்பகல் மேடம் கூட இருந்து கேட்டாள். யாரோ ஒருவர் குளிர்பெட்டி பனிக்கட்டியாக உறைந்துபோனதற்காக உச்சஸ்தாயியில் கத்தினார். "உங்க கஷ்டம் புரியுதுங்க" என்றாள் மருமகள். குரல் ஆடவில்லை. பெரியவர் கூடத்து மூலையில், கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கொத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார், அது சத்தம் போட்டாலும் பெட்டி விழுந்துவிடும் என்கிற மாதிரி. கடைசியில் மருமகள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வந்தாள். "தொடர்ந்து வரச் சொல்லிட்டாங்க மாமா" என்றாள். "ம்" என்றார். சட்டையை மாட்டினார். பொத்தானையும் போட்டார், ஊக்கையும் குத்தினார்.

"எங்க மாமா?"

"வரேன்."

கண்ணாடியின் கடையில் தையற்காரர் இருந்தார். இன்னும் இரண்டு பேர் செல்போனோடு நின்றிருந்தார்கள். பெரியவர் படியேறவில்லை. அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றார். அன்றைக்கு எடுத்த அதே குரலை எடுக்கப் பார்த்தார். பாதிதான் வந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. அன்னிக்கு இந்தப் பையனைத் திருடன்னு சொன்னேன். அவன் எதையும் எடுக்கல. பொட்டியைக் கெடுத்தது நான். என் கை."

செல்போன்காரர்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். தையற்காரர் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தார். பெரியவர் முகத்தைப் பார்த்துவிட்டு டீயை உறிஞ்சினார்.

கண்ணாடி கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தான். கோபம் முழுசாகப் போகவில்லை, பாதி இறங்கியிருந்தது. குச்சியைக் கல்லாமேல் வைத்தான். மறதியாகவோ வேண்டுமென்றோ பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"இப்பவாவது புரிஞ்சுதா ஐயா? ஒரே வாசலுக்கு ரெண்டு காவக்காரன் வச்சா என்ன ஆகும்னு?"

"ரெண்டு பேரு இருந்தா திருட்டு குறையும். நான் ரெண்டாவது ஆளோட எத்தனையோ வருஷம் நின்னவன். ஒருத்தன் சாப்பிடப் போனா ஒருத்தன் நிப்பான். அடிச்சுக்கல."

"உங்களுக்கு முறை போட்டுக் கொடுக்க மேல ஒருத்தர் இருந்தாரு. இதுங்களுக்கு யாரும் முறை போடலையே. ரெண்டும் ஒரே நேரத்துல நான் திறக்கிறேன்னு ஒரே பூட்டுல சாவியை விடுது."

பெரியவர் இடுப்புக் கொத்தில் ஒரு சாவியைத் தடவிப் பார்த்தார். அதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரி இருந்தது. இருக்கிற மாதிரி இருந்ததே பிடிக்கவில்லை.

"சரி, அதை விடு. நான்தான் ரெண்டாவது காவக்காரனை வீட்டுக்கு அனுப்பிட்டேனே. வேலையை விட்டுப் போனவன் எப்படிச் சாவியை விடுவான்?"

"ஆளு போயிட்டாரு. அவரு சொல்லிக்கொடுத்தது உள்ள நின்னுடுச்சு."

"காட்டு."

"அழிச்சுட்டேனே ஐயா. இல்லாததை எப்படிக் காட்டுறது?"

"அதான்" என்றார் பெரியவர். "இருக்கும்போதும் கையில எடுத்துக் காட்ட முடியல, போன பிறகும் காட்ட முடியல. நீ திருடல, அது நிஜம். அதை யார்கிட்ட வேணா சொல்றேன். மத்தது எனக்கு நம்பிக்கை இல்ல."

கண்ணாடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ஒரு அம்மா லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போனாங்களே. அவங்க மருந்துக்கடை எந்தப் பக்கம்?"

"அது எதுக்கு ஐயா? விடுங்க. அவங்க வேற ஊருக்குக் கொடுத்தனுப்பிட்டாங்களாம்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நேரா போய் வலது பக்கம். பச்சை போர்டு."

பெரியவர் திரும்பினார். "ஐயா, உங்க குச்சி" என்று கண்ணாடி கூப்பிட்டான். அவர் கையை மட்டும் பின்னால் வீசினார். வேண்டாம் என்றா, வைத்துக்கொள் என்றா, அவன் இஷ்டம். அந்த அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்பதே இப்போது கவலை. மருந்து வாங்க வந்தவர்கள் நாலு பேராவது நிற்பார்கள். நிற்கட்டும், அன்றும் நாலு பேர் நின்றார்கள்தானே.

தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். சாவிக்கொத்து வழக்கம்போலச் சத்தம் போட்டது. "கழட்டின சாமான் கடிக்குமாம்" என்று வாய்க்குள் முணுமுணுத்தார். "நம்பணுமாம்."